அறுபதில் எடுத்த குழல்



தேனி மாவட்டத்தில், சின்னமனூருக்கும் குச்சனூருக்கும் அருகே, முல்லைப் பெரியாற்று நீரால் இருபோகம் நெல் விளையும் வயல்களின் நடுவே மார்க்கையன்கோட்டை என்றோர் ஊர் இருக்கிறது. அதுவே என் ஊர். ஆனி பிறந்து, அணைநீர் வாய்க்காலுக்கு வந்துவிட்டால், எங்கள் ஊரில் இரண்டு குரல்கள் ஓயாமல் கேட்கும். ஒன்று நடவு நடும் பெண்களின் குரல். மற்றொன்று மேற்கு மலையிலிருந்து இறங்கி வரும் காற்றின் குரல். அந்தக் காற்று தென்னந்தோப்பில் இரையும். கூரையின் இடுக்கில் விம்மும். ஆற்றங்கரை மூங்கிலில் புகுந்தால் சீழ்க்கையடிக்கும்.

ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னே கபிலர் இதைக் கேட்டிருக்கிறார். அகநானூற்றின் 82-ஆம் பாட்டில், மலையில் அசைந்தாடும் மூங்கிலை வண்டு துளைத்து வைத்திருக்க, அந்தத் துளைகளில் கோடைக்காற்று நுழைந்து குழலிசையாக ஒலிப்பதை அவர் காட்டுகிறார். கோடை என்பது மேல்காற்று. எங்கள் பள்ளத்தாக்கிற்கு மிகவும் பழக்கமான காற்று.

வண்டுக்கு இசை தெரியாது. காற்றுக்கும் தெரியாது. ஆயினும் அவை இரண்டும் சேர்ந்த இடத்தில் இசை பிறந்துவிட்டது. நானோ, 35 ஆண்டு காலம் பள்ளியில் பாடம் சொன்னவன். விலை கொடுத்து வாங்கிய நல்ல குழல் ஒன்றைக் கையில் எடுத்து, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, 19 நாட்கள் ஊதினேன். ஓர் ஒலியும் எழவில்லை! அந்த 19 நாட்கள் எனக்குக் கற்றுக் கொடுத்ததைப் பற்றியே இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

நான் 58-ஆம் வயதில் பணியினின்றும் ஓய்வு பெற்றேன். முதல் இரண்டு ஆண்டுகள் வயலும் வீடுமாகக் கழிந்தன. 61-ஆம் வயதில் ஓர் ஆசை எழுந்தது. ஆசை புதிதன்று, மிகப் பழையது. சிறுவனாக இருந்தபோது கோயில் திருவிழாவில் நாகசுரக் குழுவின் பின்னாலேயே விடியும்வரை நடந்தவன் நான். துளைக்கருவி ஒன்றை வாசிக்க வேண்டும் என்ற அந்த ஆசை, படிப்பு, பயிற்சி, பணி, குடும்பம் என்ற அடுக்குகளுக்கு அடியில் அமுங்கிக் கிடந்தது. ஓய்வு வந்ததும் தலையெடுத்தது.

நாகசுரமே கற்கலாம் என்று முதலில் எண்ணினேன். மருத்துவர் தடுத்துவிட்டார். எனக்கு இரத்த அழுத்தமும் உண்டு. கண்ணில் நீரழுத்தமும் உண்டு. நாகசுரத்தின் முனையில் இருப்பது சீவாளி. கொறுக்கைத் தட்டையைப் பதப்படுத்திச் செய்த அந்தச் சிறு உறுப்பின் இரண்டு இதழ்களையும் அதிரச் செய்ய மிகுந்த மூச்சழுத்தம் வேண்டும். இளமையில் தொடங்கிப் பழகியவர்க்கு அஃது இயல்பு. என் போன்ற முதியவனுக்கு அது தீங்கு செய்யலாம். புல்லாங்குழலிலோ சீவாளி இல்லை. மூச்சுக்குத் தடையும் மிகக் குறைவு. ஆகவே மருத்துவர் இசைந்தார். நானும் குழலைத் தேர்ந்தேன். எளிய கருவி என்று எண்ணித்தான் தேர்ந்தேன். அந்த எண்ணம் எவ்வளவு பிழை என்பது பின்னரே தெரிந்தது.

தமிழாசிரியனாக இருந்தவன் ஆதலால், குழலைத் தொடுமுன் நூலைத் தொட்டேன். சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரையை எடுத்து வைத்துக்கொண்டேன். குழல் செய்ய மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி ஆகிய ஐந்தும் ஆகும் என்றும், குழலின் நீளம் இருபது விரல் என்றும், சுற்றளவு நாலரை விரல் என்றும் அவர் சொல்லியிருப்பதைக் குறித்துக்கொண்டேன். பெரும்பாணாற்றுப்படையில் ஆட்டிடையன் ஒருவன் தீக்கடைகோலால் மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்யும் காட்சியைப் படித்தேன். கொன்றை மரத்தடியில் நின்று ஐந்தெழுத்தைக் குழலில் வாசித்த ஆனாய நாயனாரின் வரலாற்றைப் பெரியபுராணத்தில் மீண்டும் படித்தேன்.

அறிவியலையும் விடவில்லை. குழலில் வாய்வைத்து ஊதும் துளையை முத்திரைத்துளை என்பர். உதடுகளினூடே மெல்லிய தகடு போல வெளிவரும் மூச்சு, அந்தத் துளையின் எதிர்விளிம்பில் சென்று மோத வேண்டும். மோதிய காற்று ஒருகணம் உள்ளே போகிறது. மறுகணம் வெளியே தள்ளப்படுகிறது. இவ்வாறு உள்ளும் புறமுமாக அது நொடிக்குப் பல நூறு முறை ஊசலாட, குழலுக்குள் இருக்கும் காற்றுத்தூண் அதிர்ந்து ஒலிக்கிறது. காற்றுத்தூண் நீண்டால் ஒலி தாழும்; குறுகினால் உயரும். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். காற்றுத்தூணின் நீளம் 34 சென்டிமீட்டர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 500 அதிர்வுகள் எழும். கணக்கிட்டுப் பாருங்கள். விரலை எடுத்துத் துளையைத் திறக்கும்போது நாம் செய்வது அந்தத் தூணைக் குறுக்குவதே.

பாருங்கள், எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது! குழலைப் பற்றி ஒரு மணி நேரம் சொற்பொழிவு ஆற்றச் சொல்லியிருந்தால் ஆற்றியிருப்பேன். ஆனால் குழலை உதட்டில் வைத்ததும் எழுந்தது வெறும் 'உஸ்' என்ற ஓசைதான். அடுப்பு ஊதுபவர்க்கும் எனக்கும் வேறுபாடு இல்லை. ஐந்து நிமிடம் ஊதினால் தலை சுற்றும். மிகுதியாக ஊதுவதால் உடலில் இருக்க வேண்டிய கரியமிலவாயு குறைந்துபோய் அந்த மயக்கம் வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? தலை சுற்றவே செய்தது.

வீட்டில் ஒன்பது வயதுப் பேத்தி இருக்கிறாள். மூன்றாம் நாள் அவள் வந்து நின்று, "தாத்தா, ஓட்டை சரியா இருக்கா?" என்று கேட்டாள். வீடு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால், நண்பர்களே, உள்ளே ஒரு கூச்சம் தைத்தது. 35 ஆண்டுகளாக நான் பேசப் பிறர் கேட்ட மனிதன் அல்லவா? கதவைச் சாத்திக்கொண்டு ஊதத் தொடங்கினேன்.

கதவைச் சாத்திய அன்று கிரேக்க ஞானி சாக்ரடீசு நினைவுக்கு வந்தார். அவர் வயது முதிர்ந்த பின்னர்க் கொன்னோசு என்னும் இசையாசிரியரிடம் யாழ் போன்ற நரம்புக்கருவி ஒன்றைக் கற்கச் சென்றார். உடன் கற்ற சிறுவர்கள் அவரைக் கண்டு நகைத்தார்கள். அவருடைய ஆசிரியருக்குக் 'கிழவர்களின் வாத்தியார்' என்று பட்டமும் சூட்டினார்கள். இதைப் பிளேட்டோ எழுதிய உரையாடல் ஒன்றில் சாக்ரடீசே சொல்கிறார். அவர் நகைப்புக்கு அஞ்சிக் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. நான் சாத்திக்கொண்டேன்.

எட்டாம் நாள் சின்னமனூரில் உள்ள குழலாசிரியர் ஒருவரைத் தேடிச் சென்றேன். அவருக்கு வயது முப்பதுகூட இராது. என்னிடம் படித்த பிள்ளைகளைவிட இளையவர். 'தம்பி' என்றே அழைத்தேன். அவர் என்னைச் 'சார்' என்று அழைத்தார். இருவரும் தரையில் அமர்ந்தோம். நான் கற்றறிந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். முத்திரைத்துளை, எதிர்விளிம்பு, காற்றுத்தூண் எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "குழலைக் கீழே வையுங்க சார்" என்றார். காலியான மருந்துப் புட்டி ஒன்றை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். "இதன் வாய்மேலே மூச்சை விடுங்க. ஊதாதீங்க, விடுங்க" என்றார்.

அன்று முழுவதும் புட்டிதான். மறுநாளும் அதுவே. முகம் பார்க்கும் கண்ணாடியை என் எதிரே நிறுத்தி, கீழுதட்டைச் சிறிது முன்னும் பின்னுமாக நகர்த்தச் சொன்னார். ஒவ்வொரு நாளும் ஏதேனும் ஒன்றை மட்டுமே மாற்றச் சொல்வார். பதினைந்தாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "தம்பி, எனக்கு வராது போலிருக்கிறது. வயதாகிவிட்டது. உதடு சொன்னபடி கேட்கவில்லை" என்றேன்.

அவர் நிதானமாகச் சொன்னார்: "உதடு மேலே தப்பு இல்லை சார். அதுக்கு இன்னும் வழி தெரியலை. வழி தெரியாத பிள்ளையைத் திட்டி என்ன செய்ய?"

அந்தச் சொல் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்திற்று என்பதைச் சொல்ல வேண்டும்.

1988-ஆம் ஆண்டு. நான் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். ஆசிரியர் பயிற்சி முடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன, மிடுக்கு மிகுதி. அந்த வகுப்பில் ஒரு பையனுக்கு ழகரம் வராது. 'வாழை' என்பதை 'வாளை' என்பான். 'தமிழ்' என்பதைத் 'தமிள்' என்பான். தொல்காப்பியம் பிறப்பியலில் ரகரமும் ழகரமும் பிறக்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. நாவின் நுனி மேல்நோக்கி எழுந்து அண்ணத்தை வருட வேண்டும் என்பது அங்கே காணும் விதி. நான் அந்தச் சூத்திரத்தைக் கணீரென்று சொன்னேன்; பொருளும் சொன்னேன். "விளங்கிற்றா?" என்றேன். "விளங்கியது சார்" என்றான். "சொல், பழம்!" என்றேன். "பளம்" என்றான். வகுப்பு சிரித்தது. அவனைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தினேன். ழகரம் வரும்வரை இறங்கக் கூடாது என்றேன். மணி அடித்தது, ழகரம் வரவில்லை.

அதன் பிறகு அந்தப் பையன் என் வகுப்பில் வாய்விட்டுப் படித்ததே இல்லை. நான் எழுப்பினால் எழுந்து நிற்பான், தலைகுனிந்து நிற்பான், பேசமாட்டான். நான் அதைப் பிடிவாதம் என்று எண்ணினேன். எட்டாம் வகுப்போடு அவன் படிப்பு நின்றது. வறுமையும் காரணமாக இருக்கலாம். நான் ஒருவனே காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நான் ஒரு காரணமே இல்லை என்று சொல்லவும் என் நா எழவில்லை.

இதில் வேறொன்றும் இருக்கிறது. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலும் மதுரைப் பக்கத்திலும் பேச்சுவழக்கில் ழகரம் ளகரமாக ஒலிப்பது மிக இயல்பு. என் அன்னையார் 'மளை பேயுது' என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் நான் மழையில் நனையாமல் வீட்டுக்குள் ஓடி வந்தேன். அந்தப் பையனும் தன் தாயிடம் கேட்ட ஒலியையே ஒலித்தான். அவனுடைய நா பழுதுபட்டதன்று, சோம்பியதும் அன்று. அதற்குப் புதியதொரு வழி தெரியவேண்டியிருந்தது. நான் வழிகாட்டவில்லை, விதி சொன்னேன். விதியைச் சொல்லிவிட்டால் கற்பித்தாயிற்று என்று நம்பினேன். காற்றுத்தூணின் கணக்கு முழுவதும் தெரிந்தும், குழலில் ஓர் ஒலி எழுப்ப இயலாமல் உட்கார்ந்திருந்தபோதுதான், என் 61-ஆம் வயதில்தான், அந்த நம்பிக்கை எவ்வளவு பொய் என்று விளங்கிற்று.

அன்றுமுதல் குழலாசிரியரைத் 'தம்பி' என்று அழைப்பதை விட்டேன். 'வாத்தியார்' என்றே அழைக்கிறேன். முதலில் அவர் வெட்கப்பட்டார், இப்போது பழகிவிட்டார்.

பத்தொன்பதாம் நாள் மாலை ஒலி பிறந்தது. எப்படிப் பிறந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உதடு ஓர் இம்மி அளவு எங்கோ நகர்ந்திருக்க வேண்டும். இடக்கையின் இரண்டு விரல்கள் துளைகளை மூடியிருந்தன. மெல்லிய, நடுங்கும் ஷட்ஜம் ஒன்று எழுந்து, இரண்டு நொடி நின்று, மறைந்தது. வெளியே வயலில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பேத்தி ஓடி வந்தாள். அன்று கதவு திறந்தே இருந்தது.

இனி, முதுமையில் கற்பவனுக்கு எது இயலும், எது இயலாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கருநாடக இசையில் குழலைத் தனிக்கச்சேரிக் கருவியாக உயர்த்தியவர் கும்பகோணம் சரப சாஸ்திரியார். கண்பார்வை இழந்த அவர் 1872-இல் பிறந்து 1904-இல் மறைந்தார். முப்பத்திரண்டு ஆண்டு வாழ்வில் ஒரு மரபையே உண்டாக்கிவிட்டார். அவருடைய மாணவர் பல்லடம் சஞ்சீவராவ் அந்த மரபை வளர்த்தார். பின்வந்த திருவிடைமருதூர் மகாலிங்கம், ரசிகர்கள் 'மாலி' என்று போற்றியவர், 1933-இல் மயிலாப்பூரில் முதற்கச்சேரி செய்தபோது அவருக்கு வயது ஏழு! இத்தகையோரின் விரலும் மூச்சும் குழந்தைப் பருவத்திலேயே குழலோடு பின்னிப் பிணைந்தவை. 61-இல் தொடங்குபவன் அந்த இடத்தை எட்டமாட்டான். என் மோதிரவிரல் இன்றும் துளையை முழுதாக மூட மறுக்கிறது. நூலிழை அளவு காற்றுக் கசிந்தாலும் சுரம் சிதைகிறது. விரைவான காலத்தில் விரல்கள் ஒன்றையொன்று மோதுகின்றன.

ஆனால் கற்கவே இயலாது என்பது பொய். செருமனி நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2004-ஆம் ஆண்டு ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மூன்று பந்துகளை மாறி மாறி எறிந்து பிடிக்கும் வித்தையை இளைஞர் சிலர் மூன்று மாதம் பழகினர். மூளையில், அசைவைக் கண்டறியும் பகுதி அவர்களுக்குச் சற்றே பருத்திருந்தது. பழக்கத்தை விட்டதும் அந்தப் பருமன் குறைந்தது. 2008-இல் அதே சோதனையை அறுபது வயதை ஒட்டியவர்களிடம் செய்தார்கள். இளைஞரைவிடக் குறைந்த தொகையினரே வித்தையில் தேர்ந்தனர். ஆயினும் தேர்ந்தவர்களின் மூளையில் அதே வகை மாற்றம் காணப்பட்டது. மண் இறுகியிருக்கிறது, நாற்று பிடிக்காத மண் அன்று என்பதே இதன் பொருள்.

தொடங்கியவர் மீண்டும் தொடங்கலாம் என்பதற்கும் குழலுலகிலேயே சான்று உண்டு. 1938-இல் அலகாபாத்தில் ஒரு மல்லரின் மகனாகப் பிறந்தவர் அரிபிரசாத் சௌராசியா. 1957-இல் கட்டாக்கு வானொலி நிலையத்தில் பணியில் சேர்ந்தார். பின்னர்ப் பம்பாய் சென்று திரையிசையிலும் பேரும் வருவாயும் பெற்றார். அவ்வளவும் பெற்ற பிறகு அன்னபூர்ணா தேவி அம்மையாரிடம் மாணவராகச் சேர விழைந்தார். அடிப்படையிலிருந்து மீண்டும் கற்கத் தாம் ஆயத்தமாக இருப்பதைக் காட்டும் பொருட்டு, அதுவரை வலப்புறமாகப் பிடித்து வாசித்த குழலை இடப்புறமாக மாற்றிப் பிடித்துப் பழகினார். கை மாறினால் விரல்கள் யாவும் மழலையாகிவிடும். புகழ் பெற்ற ஒருவர் தம் விரல்களைத் தாமே மழலையாக்கிக்கொண்டார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

எங்கள் உத்தமபாளையம் வட்டத்திலேயே பண்ணைப்புரம் இருக்கிறது. அங்கே 1943-இல் பிறந்த இளையராஜா அவர்கள், தாம் எழுதிய சிம்பொனியை 2025-ஆம் ஆண்டு மார்ச்சு 8-ஆம் நாள் இலண்டனில் அரங்கேற்றினார். அப்போது அவருக்கு வயது 81. அவர் மேதை, அவரோடு என்னை ஒப்பிட நான் துணியவில்லை. அடுத்த ஊர்க்காரர் 81-இல் புதிய பெருமுயற்சி ஒன்றைச் செய்திருக்க, 61-இல் சரளி வரிசை தொடங்குவதற்கு நான் நாணியிருக்க வேண்டியதில்லை என்று மட்டுமே சொல்கிறேன்.

மாணவர்களாகிய உங்களுக்குப் பயன்படும் ஒன்றையும் குழல் எனக்குக் காட்டிற்று. தொடக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல ஊதினேன். உதடு மரத்ததே தவிர, பயன் இல்லை. வாத்தியார் அதை மாற்றினார். காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம், அவ்வளவுதான். ஆனால் ஒருநாளும் விடக்கூடாது. என்ன வியப்பு! மாலையில் வராத சுரம், உறங்கி எழுந்த காலையில் தானாகவே வந்து நிற்கும். எபிங்ஹாஸ் என்னும் செருமானிய அறிஞர் மனப்பாடத்தைப் பற்றி 1885-இல் வெளியிட்ட நூலில், ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைவிட நாட்களிடையே பகிர்ந்து படிப்பது நன்று என்று காட்டினார். அவருடைய பெயரை ஆசிரியர் பயிற்சித் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். ஆனால் தேர்வுக்கு முதல்நாள் இரவு முழுவதும் விழித்துப் படிக்கும் மாணவனை 'ஊக்கமுடையவன்' என்று பாராட்டியவனும் நானே! படித்ததை என் உதடு உணர்ந்தது 61-ஆம் வயதில்தான்.

இப்போது குழல் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சரளியும் சண்டையும் அலங்காரமும் கடந்து, சில கீதங்கள் வாசிப்பேன். மேடை ஏறும் எண்ணம் இல்லை. மாலையில் வாய்க்கால் மதகருகே அமர்ந்து வாசிப்பேன், கேட்பவர் கேட்பர்.

முடிக்குமுன் ஒன்று. சென்ற ஆண்டு அறுவடைக் காலம். குழலைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு சின்னமனூர் வகுப்புக்குச் செல்லப் பேருந்துக்காக நின்றிருந்தேன். நெல் அறுக்கும் எந்திரத்தை ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் என்னைக் கண்டதும் அதை நிறுத்தி இறங்கி வந்தார். தலையில் நரை; கையெல்லாம் வைக்கோல் தூசி. "நல்லா இருக்கீங்களா சார்?" என்றார். உற்றுப் பார்த்தேன். 1988-ஆம் ஆண்டின் அந்தப் பையன்.

பையைப் பார்த்து, "அதென்ன சார்?" என்றார். எடுத்துக் காட்டினேன்.

"அட, புல்லாங்குளலா சார்!" என்றார்.

குழல் என்ற சொல்லிலேயே ழகரம் இருப்பதை அந்தக் கணம் வரையில் நான் எண்ணியதில்லை. திருத்த வேண்டும் என்று ஒரு துளியும் தோன்றவில்லை. "ஆமப்பா, இப்போதுதான் கற்கிறேன். பத்தொன்பது நாள் ஒலியே வரவில்லை" என்றேன். பிறகு, நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு, "ஒருநாள் உன்னைப் பெஞ்சின் மேல் நிற்க வைத்தேனே, நினைவிருக்கிறதா?" என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் சாலையைப் பார்த்தார். "மறக்குமா சார்?" என்றார்.

"அது என் பிழையப்பா. உன் பிழை அன்று. எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை" என்றேன்.

அவர் அதற்கு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கைத்தூசியை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "ஒண்ணு வாசிங்க சார், கேப்போம்" என்றார்.

சாலையோரத்தில் நின்றபடியே சரளி வரிசையின் முதல் வரியை வாசித்தேன். படபடப்பில் உதடு நழுவிவிட்டது. மூன்றாவது சுரத்தில் ஒலி அறுந்து, வெறும் 'உஸ்' என்ற காற்று வந்தது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன்.

அவர் சிரிக்கவில்லை.

நண்பர்களே, உங்களில் பலர் நாளை ஆசிரியர்களாவீர்கள். ஆசிரியராகாதவர்களும் பெற்றோர்களாகவோ, தொழிற்கூடத்தில் இளையவர்க்கு வழிகாட்டுபவர்களாகவோ ஆவீர்கள். எந்த வயதிலும் ஏதேனும் ஒன்றைப் புதிதாகக் கற்றுக்கொண்டிருங்கள். குழலாக இருக்கலாம், நீச்சலாக இருக்கலாம், வேற்றுமொழியாக இருக்கலாம். அதனால் நீங்கள் வித்தகர் ஆகாமற் போகலாம். ஆனால் வழி தெரியாமல் திகைத்து நிற்பவனின் முகம் எப்படி இருக்கும் என்பதை உள்ளிருந்து அறிவீர்கள். அதை அறிந்தவர் பிறரைப் பெஞ்சின் மேல் ஏற்றமாட்டார். தாமும் கதவைச் சாத்திக்கொள்ளமாட்டார்.